பொம்மைகளுக்குச் சட்டை போட்டுவிட்ட சரோஜாம்மா

மூன்று வாரங்களுக்கு முன், முகப்பேரில் எங்கள் வீட்டு பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது சரோஜாம்மாவின் மகள் செல்வி தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அம்மா பூட்டாங்க" என்றாள். விடிகாலையில், தூக்கத்திலேயே. கடைசி வரை படுக்கையில் கிடக்கவில்லை, யாருக்கும் பாரமாக இருக்கவில்லை என்று அவளே ஆறுதலும் சொன்னாள். நான் கிளம்பி முத்தாபுதுப்பேட்டை போய்ச் சேர்ந்தபோது, சரோஜாம்மாவோடு தையல் பிரிவில் வேலை பார்த்த பெண்கள் ஏற்கெனவே தெருவை நிறைத்திருந்தார்கள். படத்திறப்பு அன்று பேச வேண்டும் என்று அவர்கள்தான் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

சரோஜாம்மாவை ராணுவ உடைத் தொழிற்சாலையில் அறிந்தவர்கள் ஒரு பக்கம், பொம்மைகளால் அறிந்தவர்கள் ஒரு பக்கம். நான் இரண்டாம் பக்கத்து ஆள். எண்பதுகளின் நடுவில் ஆவடி ரயில் நிலையத்துக்கு அருகே பெயிண்ட் கடை வைத்திருந்தேன். கேட்டுக்கும் கிரில்லுக்கும் கதவுக்கும் வண்ணம் வாங்க வருகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். ஒரு ஆடி மாதம், வேலை விட்டு நேராக வந்த ஒரு பெண் துண்டில் சுற்றியிருந்த மண் பொம்மையை எடுத்து மேசைமேல் வைத்தார். முழங்கை உயரம்கூட இல்லாத தவில்காரர். கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, வாசிப்பின் உச்சத்தில் இருந்தார்.

"நான் வரைஞ்சது. தொட்டா வர்ணம் கைல ஒட்டிக்கிது. மேல பூசறதுக்கு இன்னா கீது அண்ணாத்தே? வர்ணம் மாறக் கூடாது, அவ்ளோதான்."

யோசிக்காமல் ஒரு டப்பா வார்னிஷ் எடுத்துக் கொடுத்தேன். கதவுக்குப் பூசுவது பொம்மைக்கு ஆகாதா என்ன என்பது என் கணக்கு.

நான்கு நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். இந்த முறை துண்டில் இருந்தவர் கல்யாண மாப்பிள்ளை. மல்லிகைப்பூ மாதிரி இருந்திருக்க வேண்டிய வேட்டி, டீயில் முக்கி எடுத்தது போல் பழுத்திருந்தது. சண்டைக்கு நான் தயாரானேன். "வார்னிஷ் என்றால் கொஞ்சம் பழுக்கத்தான் செய்யும், பழைய பொம்மை மாதிரி ஒரு களை வரும்" என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உனுக்குத் தெர்லன்னா தெர்லன்னு சொல்லு அண்ணாத்தே. நான் இன்னா உன்ன அடிக்கவா போறேன்?"

கடையில் உட்கார்ந்த நாளிலிருந்து எந்த வாடிக்கையாளரிடமும் தெரியாது என்று நான் சொன்னதில்லை. அன்று சொன்னேன். அவர் முகம் உடனே இளகிவிட்டது. "அப்பாடா. இனிமே ரெண்டு பேரும் சேந்து தேடலாம்" என்றார். நல்லவேளை, இருபத்தொரு பொம்மைகளில் ஒன்றில் மட்டுமே பூசிப் பார்த்திருந்தார்.

அந்த இருபத்தொன்றும் ஒரு கல்யாண வீடு. திருமழிசைப் பக்கம் ஒரு குயவர் வீட்டில் வண்ணம் பூசாத சுட்ட மண் பொம்மைகளாக வாங்கி, ஒரு வருடம் உட்கார்ந்து தீட்டியிருந்தார். மேளக்காரர்கள், பந்தி பரிமாறுகிறவர்கள், மொய் எழுதுகிறவர், சாப்பிட்டுவிட்டுத் தூணில் சாய்ந்து தூங்கும் ஒரு மாமா. எப்படி இந்தப் பழக்கம் வந்தது என்று கேட்டேன். "நாள் பூரா அந்தப் பாசிப் பச்சத் துணியவே தச்சிகினு கீறேன். ஊட்டுக்கு வந்தா செவப்பு, ஊதான்னு கண்ணுல எதனா படணும்ல?" என்றார்.

அந்த வருடம் நவராத்திரிக்குத் தொழிற்சாலைக் குடியிருப்பின் பெண்கள் மன்றக் கூடத்தில் அவருடைய கல்யாண வீட்டை வைக்க இடம் கொடுத்திருந்தார்கள். அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவருடைய அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவர்கள் வீட்டில் கொலுப்படி கட்டியதே இல்லை. சிறுவயதில் குடியிருப்புக்குக் கொலு பார்க்கப் போனால் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாராம். "உள்ளே கூப்பிடவில்லையா?" என்று கேட்டேன். "கூப்புட்டாங்களோ, இன்னாவோ. கூப்புடற வரைக்கும் நான் நிக்கல" என்றார்.

சரியான பூச்சைத் தேடுவதற்காகச் சரோஜாம்மா உடைந்த ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கி வந்து, ஒவ்வொன்றிலும் பொம்மைக்குத் தீட்டிய அதே வண்ணங்களைக் கோடு கோடாகப் பூசினார். என் கடையில் மேல்பூச்சாக ஆகக்கூடிய எல்லாவற்றையும் சில்லுக்கு ஒன்றாகத் தடவினோம். பின்பக்கம் பெயர் எழுதினோம். ஒரு பகுதியை வெயில் பட என் கடையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேலும், ஒரு பகுதியைப் புகை பட அவர் வீட்டு அடுப்படியிலும் வைத்தோம். வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை மாலை இருவரும் உட்கார்ந்து பரிசோதிப்போம். நாற்காலி மேசைக்குப் போடும் பிரெஞ்சு பாலிஷ் எல்லாவற்றையும் செம்மண் நிறமாக்கியது. தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை, தூரிகை போன வழியெல்லாம் சிவப்பை இழுத்துக்கொண்டு போனது. மரச்சாமான்களுக்கு அடிக்கும் நிறமற்ற லேக்கர்தான் ஒரு மாத வெயிலுக்குப் பிறகும் வெள்ளையை வெள்ளையாகவே விட்டு வைத்தது. ஆனால் அது பளபளத்தது. சரோஜாம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"மூஞ்சில எண்ண வழியறாப்பல கீது. கல்யாணப் பொண்ணு பாவம், வேர்த்து ஊத்துதுன்னு நெனச்சிக்குவாங்க."

அதே லேக்கரில் மினுக்கம் குறைந்த வகை ஒன்று உண்டு என்பதை நான் அம்பத்தூரில் ஒரு மொத்த வியாபாரியிடம் விசாரித்து வாங்கி வந்தேன். அதைப் பூசிய சில்லை ஜன்னல் ஓரம் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ஒடம்புக்கு இது. நகைக்கும் கண்ணுக்கும் வாழ எலைக்கும் மட்டும் அந்தப் பளபளா. எல்லாத்துக்கும் ஒரே பூச்சு எதுக்கு?" என்று முடிவு சொன்னார். ஈரமாக இருப்பதும் பொன்னாக இருப்பதும் மட்டும் மின்னினால் போதும் என்பது அவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ எனக்குத் தெரியாது.

தூரிகையால் தடவினால் வண்ணம் இழுபடும், தெளிக்கத்தான் வேண்டும். கொசு மருந்து அடிக்கும் பம்பில் ஊற்றி ஒரு சில்லில் அடித்துப் பார்த்தார். அம்மை போட்டது மாதிரி புள்ளி புள்ளியாக விழுந்தது. கடைசியில் பூந்தமல்லி சாலையில் கார்களுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறை வைத்திருந்த பாஷா பாயிடம் போனோம். அவர் பொம்மைகளைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அம்பாசடர் காருக்கு அடிக்கற ஸ்ப்ரே கன்னும்மா இது. காத்தக் கொறச்சு, ஒரு கை தூரத்துல நின்னு அடிச்சா சரியா வரும்" என்றார்.

அங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். கொலுவுக்கு இரண்டே நாள் இருந்தது. மேகம் கறுத்துக் காற்று பிசுபிசுவென்று இருந்தது. "நாளைக்குப் பாத்துக்கலாமா?" என்று சரோஜாம்மா கேட்டார். பாயும் வானத்தைப் பார்த்துத் தயங்கினார். நான்தான், "மழை வருவதற்குள் முடித்துவிடலாம்" என்று அவசரப்படுத்தினேன். பாய் அடித்து முடித்தார். கால் மணி நேரத்தில், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இருபத்தொரு பேர் மேலும் பால் ஏடு படிவது போல் ஒரு வெண்மை படர்ந்தது. பட்டுப் புடவை மங்கியது. முகங்கள் மறைந்தன.

"ஈரக் காத்து, நைனா. பூத்துடுச்சு" என்றார் பாய், மிகத் தாழ்ந்த குரலில்.

சரோஜாம்மா அங்கே கிடந்த ஒரு டயர்மேல் உட்கார்ந்தார். ஒரு வருட உழைப்பு. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மன்னிப்புத்தான் கேட்டிருப்பேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பாயை மட்டும் பார்த்து, "போவுமா?" என்று கேட்டார்.

"போவும்மா. வெயில் வரட்டும். மெதுவாக் காயற தின்னர் இருக்கு, பனி மாதிரி அடிச்சா அந்த லேக்கரே எளகி மறுபடி தெளிஞ்சிடும். வெயில் மட்டும் வரணும்."

மறுநாள் சரோஜாம்மா தொழிற்சாலைக்கு விடுப்பு போட்டார். அவருடைய தோழிகளுக்கு அது நினைவிருக்கும், ஏனென்றால் காய்ச்சலிலும் லீவு எடுக்காதவர் அவர். காலை எட்டு மணியிலிருந்து பட்டறை வாசலில் மூவரும் நின்றோம். பத்து மணிக்கு மேல் மேகம் விலகியது. தரை காய்ந்து சூடாகும்வரை பாய் அந்தத் தெளிக்கும் துப்பாக்கியைத் தொடவில்லை. முதலில் தவில்காரர்மேல் மெல்லிய பனியாக அடித்தார். வெண்மை ஓரத்திலிருந்து கரைந்து, உப்பிய கன்னம் வெளியே வந்தது. பிறகு நாதஸ்வரக்காரர், பிறகு மணப்பெண். ஒவ்வொரு முகமாகத் திரும்பி வரவர சரோஜாம்மா, "வந்துட்டாரு... வந்துட்டா..." என்று விருந்தாளிகளை வரவேற்பவர் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசி முகம் வந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "இனிமே வெயில நான் பாத்துக்கறேன் அண்ணாத்தே. நீ கடையப் பாத்துக்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அது கண்டிப்பான உத்தரவு.

கொலுவின் முதல் நாள் மாலை நானும் என் மனைவியும் போயிருந்தோம். கூடத்தின் நடுவில் கல்யாண வீடு. புது வேட்டியோடு புது மாப்பிள்ளை. பழைய மாப்பிள்ளை எங்கே என்று தேடினேன். பந்திக்குப் பின்னால், கையில் கரண்டியோடு நின்றிருந்தார். "அவன சமையக்காரனா மாத்திட்டேன். வேட்டி பழுத்துக் கெடக்கறதுக்குக் காரணம் வேணும்ல?" என்று சரோஜாம்மா என் காதோடு சொன்னார்.

அப்போது ஒரு அம்மாள் குங்குமச் சிமிழை எடுக்கப்போய்க் கை தவறிவிட்டார். குங்குமம் முழுவதும் மணப்பெண்ணின் முகத்திலும் புடவையிலும் கொட்டியது. கூடமே உச்சுக் கொட்டியது. யாரும் தொடத் துணியவில்லை. சரோஜாம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே பொம்மைகள் வரை போனார். முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து, பிள்ளைக்கு முகம் துடைப்பது போல் துடைத்தார். குங்குமம் மட்டும் வந்தது. கண்மை கலையவில்லை, உதட்டுச் சிவப்பு அசையவில்லை.

"பயப்படாதீங்கம்மா. எல்லாரும் மேல சட்ட போட்டுகினு கீறாங்க" என்றார்.

"இதெல்லாம் யார் செய்தது?" என்று அந்த அம்மாள் கேட்டார். "நான்தான்" என்றார் சரோஜாம்மா. அந்தக் குரலை அதற்கு முன்பும் பின்பும் நான் அவரிடம் கேட்டதில்லை. அன்று இரவு உணவு வரைக்கும் அவர் கூடத்துக்கு உள்ளேதான் இருந்தார்.

தொண்ணூறுகளில் கொலு நெருங்கினால் என் கடையில் "சரோஜாம்மா லேக்கர் கொடுங்க" என்று கேட்பார்கள். டப்பா கொடுப்பேன். வானம் மூடியிருந்தால் அவர் சொற்படி நாளைக்கு வரச் சொல்லுவேன். ஒருமுறை சதுர்த்திக்கு முன்னால் ஒருவர் களிமண் பிள்ளையாருக்கு அதையே பூசக் கேட்டார். சரோஜாம்மா அங்கே நின்றிருந்தார். "மூணா நாளு தண்ணில கரையப் போறாரு. அவரப் போய் ஏன் கட்டிப்போடற?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். என் வியாபாரம் போனதைப் பற்றி அவருக்குத் துளிக்கூட வருத்தமில்லை. பொறுமையும் அவருக்குக் கொஞ்சம்தான். மலிவுத் தூரிகை ஒன்று முடி உதிர்த்ததற்காக என்னோடு ஆறு மாதம் பேசாமல் இருந்திருக்கிறார். சாமான் வாங்க மட்டும் வருவார், சுவரைப் பார்த்துக் கேட்பார்.

நான் கடையைக் கொடுத்துவிட்டு முகப்பேருக்குக் குடிவந்தபோது புது வீட்டுக்கு வந்து ஒரு பொம்மை தந்தார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு கடைக்காரர். என் வழுக்கை, என் தொந்தி, சட்டைப் பையில் என் பேனா. தொட்டதும் விரலில் லேசாக நீலம் ஒட்டியது. "மேலே ஒன்றும் பூசவில்லையே?" என்று கேட்டேன்.

"இது கொலுவுக்கு இல்ல அண்ணாத்தே. உனுக்கு. கைல எடுத்து எடுத்துப் பாரு. தேய்ஞ்சா தேய்ஞ்சிட்டுப் போவுது" என்றார்.

அது என் படுக்கைக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. தோளில் நீலம் போய் மண் தெரிகிறது. என் பேரன் ஒரு பூச்சு லேக்கர் அடித்துத் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். சரோஜாம்மாவிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது இதுதான். போன வாரத்தில் மட்டும் பத்துத் தடவையாவது கையில் எடுத்திருப்பேன்.