நாலடி உயர்ந்த வீடு

வங்காளத் தலைநகரின் டாலிகஞ்சில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் பதினெட்டு வருஷம் குடியிருந்தவர் வசுமதி. அலிப்பூரில் மத்திய அரசின் வானிலை அலுவலகத்தில் வேலை. காலையில் மழைமானியைப் பார்த்து எழுதுகிற வேலையில் சேர்ந்து, ஓய்வு பெறும்போது ஒரு பிரிவுக்கே பொறுப்பாக இருந்தார். எந்த வருஷம் எந்த மாதம் எவ்வளவு பெய்தது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். துணி காயப்போடலாமா என்று மாடிப்படியில் அவரை நிறுத்திக் கேட்காதவர்கள் எங்கள் கட்டடத்தில் கிடையாது.

அவருடைய கணவர் சிவராமகிருஷ்ணன் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருந்தவர். வீட்டில் எந்தப் பொருள் வந்தாலும் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓடிக்கொண்டிருந்தால் அவருக்கு வேறெதுவும் வேண்டாம். ஒரே மகள் சாதனாவுக்கு நகரின் மறுகோடியான சால்ட் லேக்கில் வேலை, அங்கேயே ஜாகை.

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் வசுமதி ஒரு யோசனையைச் சொன்னார். நகரத்துக்குத் தெற்கே பாருய்பூரைத் தாண்டிக் கொய்யாத் தோப்புகளுக்கு நடுவே அவர்களுக்கு ஐந்து கட்டா, நம் கணக்கில் ஒன்றரை கிரவுண்டு, நிலம் இருந்தது. எப்போதோ வாங்கிப் போட்டது. அங்கே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்றார். மின்சாரக் கம்பி தோப்பின் மறு ஓரத்தோடு நின்றிருந்தது. தோப்புக்குச் சொந்தக்காரர்களான அண்ணன் தம்பிகளுக்குள் வழக்கு, கம்பம் நட யாரும் கையெழுத்துப் போடத் தயாரில்லை. அந்த ஊர்க் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் இரும்பு வாடை. வெள்ளைத் துணி ஒரு வாரத்தில் பழுப்பாகிவிடும். வசுமதிக்கு இவையெல்லாம் குறையாகவே படவில்லை. கூரையில் சூரியத் தகடு, தரையடியில் மழைநீர்த் தொட்டி, அது போதும் என்றார்.

சிவராமகிருஷ்ணன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கேட்டார்.

"இங்க கரண்ட் போறதே இல்லை. குழாயத் திறந்தா தண்ணி வர்றது. இதை விட்டுட்டு அங்க போய் என்ன பண்ணப் போறோம் வசு?"

"முப்பத்துநாலு வருஷம் மழையையும் வெயிலையும் அளந்து எழுதி வெச்சேன். அதுல ஒரு டம்ளர் எடுத்துக் குடிச்சதில்லை. கொஞ்சம் செலவழிச்சுப் பார்க்கணும்னு தோண்றது, ன்னா" என்றார் வசுமதி.

அதற்குமேல் சிவராமகிருஷ்ணனால் மறுக்க முடியவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை.

சாதனா நகரத்தில் இரண்டு பொறியாளர்களைப் பிடித்துக் கொடுத்தாள். இருவரும் நிலத்தைப் பார்க்காமலே வரைபடம் அனுப்பினார்கள். வசுமதி அவர்களை விட்டுவிட்டு ஹாரான் நஸ்கரைத் தேர்ந்தெடுத்தார். அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளைக் கட்டிய கான்ட்ராக்டர் அவர். ஐம்பதைத் தாண்டியவர். வெயிலோ மழையோ, முழங்கை வரை மடித்த சட்டையின் பின்காலரில் குடை தொங்கும். முதல் நாள் அவர் வீட்டைப் பற்றி எதுவுமே பேசவில்லை. நிலத்தின் நாலு மூலைக்கும் நடந்துபோய், எந்த மூலையில் என்ன புல் முளைத்திருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு வந்தார். அது வசுமதிக்குப் பிடித்துப்போயிற்று.

ஹாரானிடம் எதைச் சொன்னாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று 'ஹோபே', அதாவது ஆகும். இன்னொன்று 'தேக்சி', பார்க்கிறேன். ஜன்னலைக் கிழக்கே வைக்கலாமா என்றால் ஹோபே. கூரையைத் தெற்கே சரித்துக் கட்டலாமா என்றால் ஹோபே. தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசினபோது மட்டும் தேக்சி என்றார்.

வசுமதியின் கணக்கு தெளிவாக இருந்தது. அறுநூறு சதுர அடிக் கூரை. கார்த்திகை பிறந்தால் சித்திரை வரை நம்பும்படியான மழை கிடையாது. இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு நூற்றிருபது லிட்டர். அப்படியானால் இருபதாயிரம் லிட்டர் சேமித்தாக வேண்டும். ஐயாயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் நான்கை மண்ணில் புதைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். ஹாரான் மூன்று முறை தேக்சி என்றார். கடைசியில் தயங்கித் தயங்கி, எங்கள் மண்ணில் காலிப் பாத்திரம் நிற்காது திதி என்று, வங்காளத்தில் அக்காவைக் கூப்பிடுகிற மரியாதையோடு சொன்னார்.

குழி தோண்டுகிற வேலைக்கு மனுஷர் சாக்குச் சொல்கிறார் என்று வசுமதி நினைத்துக்கொண்டார். ஃப்ளாட்டில் கழிப்பறையை மாற்றிக் கட்டியபோது வந்த மேஸ்திரிகளிடம் அவர் கேட்ட சாக்குகள் கொஞ்சமல்ல. பிடிவாதமாகப் புதைக்கச் சொன்னார். ஹாரானும் அதற்குமேல் வாதாடவில்லை. சித்திரையில் குழி வெட்டி, வைகாசியில் தொட்டிகளை இறக்கி, மேலே மண்ணும் மூடியாயிற்று. சுவர் எழும்பவில்லை, கூரை இல்லை, ஆகவே தொட்டிகளில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை.

ஜூன் மாதத்து மூன்றாவது வாரத்தில் பருவமழை பிடித்தது. வசுமதி டாலிகஞ்ச் பால்கனியிலிருந்து அதைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே நாளில் நூறு மில்லிமீட்டருக்கு மேல் போயிருக்கும் என்று என்னிடம்கூடச் சொன்னார். மறுநாள் காலை ஹாரானிடமிருந்து போன் வந்தது. விஷயம் எதுவும் சொல்லவில்லை. முடிந்தால் ஒரு நடை வாருங்கள் என்றார், அவ்வளவுதான்.

கணவனும் மனைவியும் மெட்ரோ ஏறி, லோக்கல் ரயில் மாறி, பேட்டரி ரிக்ஷாவில் தோப்பு முனைவரை போய், அங்கிருந்து முழங்கால் சேற்றில் நடந்தார்கள். நாலு தொட்டிகளும் மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருந்தன. இரண்டு சாய்ந்து கிடந்தன. ஒன்று குழி நிறைய நின்ற தண்ணீரில் எருமை மாதிரி மிதந்துகொண்டிருந்தது. நிலத்தடி நீர் மேலேறி, காலித் தொட்டிகளைத் தூக்கி வெளியே தள்ளிவிட்டது.

வசுமதி சாய்ந்து கிடந்த தொட்டி ஒன்றின் பக்கத்தில் போய் நின்றார். மழையை அளப்பதைத்தவிர வேறொன்றும் செய்யாத ஒரு வாழ்க்கை. விழுந்த தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவமானத்தில் காது சுட்டது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். சிவராமகிருஷ்ணன் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாராம். அவர் குடையை இவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஹாரான் தகரக் கொட்டகைக்குள் அழைத்துப்போய் இருவருக்கும் டீ கொடுத்தார். வசுமதி தன் சரளமான வங்காளத்தில், தப்பு என்னுடையது, நீங்கள் சொன்னபோது கேட்டிருக்க வேண்டும் என்றார்.

"நானும் சரியாச் சொல்லல திதி" என்றார் ஹாரான். "நீங்க ஆபீஸ்ல பெரிய வேலைல இருந்தவங்க, உங்ககிட்ட மறுத்துப் பேசக் கூச்சமா இருந்துச்சு. மேலேருந்து வர்ற தண்ணி உங்களுக்குத் தெரியும். கீழேருந்து வர்றது எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் உக்காந்து பேசாம வேலைய ஆரம்பிச்சுட்டோம்."

அன்றைக்கு அந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்து பேசினார்கள். சிமெண்ட் சாக்கின் பின்பக்கத்தில் வசுமதி மாதவாரியாக மழையை எழுதினார். ஹாரான் பக்கத்திலேயே ஒரு கோடு போட்டு, ஆவணியில் தண்ணீர் தரைமட்டத்துக்கு எவ்வளவு கிட்டே வரும் என்று காட்டினார். மதியத்துக்குள் முழு வீடும் மாறிவிட்டது. தொட்டியைப் புதைக்கவே வேண்டாம். தரைக்கு மேல் செங்கல்லால் நாலடி உயரத்துக்குத் தொட்டி கட்டி, அதன் மூடியையே படுக்கையறைக்கும் முன் வராந்தாவுக்கும் தளமாக்கிவிடுவது. மற்ற அறைகளுக்கும் அதே உயரத்துக்கு மேடை. வெள்ளம் வந்தாலும் வீட்டுக்குள் ஏறாது. கோடையில் தரை குளிர்ச்சியாக இருக்கும். வெட்டின குழி குளமாகவே இருந்துவிட்டுப் போகட்டும், செடிக்கும் கழிப்பறைக்கும் அந்தத் தண்ணீர் ஆகும்.

ஏழு படி ஏறவேண்டுமே, என் முழங்கால் என்ன ஆவது என்று சிவராமகிருஷ்ணன் அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார். ஹாரான் உடனே ஹோபே என்று சொல்லி, படியின் உயரத்தைக் குறைத்துப் பத்துப் படியாக்கி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தார்.

கேள்வி கேட்டுவிட்டபின் சிவராமகிருஷ்ணனால் ஒதுங்கியிருக்க முடியவில்லை. வாரத்தில் மூன்று நாள் தானாகவே கிளம்பிப் போக ஆரம்பித்தார். லாரியில் வந்த செங்கல்லை ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் கேட்பார். சத்தம் சரியில்லாத கற்களைத் தனியே அடுக்கச் சொல்வார். கொத்தனார்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அவர் வராத நாளில் தாதா எங்கே, அதாவது அண்ணன் எங்கே, என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

துர்கா பூஜை முடிந்து பூச்சு வேலை நடக்கும்போது இன்னொரு தகராறு வந்தது. முன் சுவரில் ஒரு குழாய் புதைக்கப்பட்டு, வெளி முனை மூடியோடு நிற்பதை வசுமதி பார்த்தார். எதற்கென்று கேட்டதற்கு ஹாரான் சுற்றி வளைத்துப் பேசினார். கடைசியில், பிற்காலத்தில் மின்சாரக் கம்பி வந்தால் சுவரை உடைக்காமல் உள்ளே இழுக்க என்று ஒப்புக்கொண்டார். வசுமதிக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை பேசியும் என்மேல் நம்பிக்கை வரவில்லையா என்று கேட்டார்.

ஹாரான் தலையைச் சொறிந்துகொண்டு, "அது உங்களுக்காகப் போடல திதி. தாதா கேட்டாரு" என்றார்.

செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த சிவராமகிருஷ்ணன் வேறெங்கோ பார்த்தார். அப்புறம், "மேட்ச் நடுவுல டீவி நின்னு போச்சுன்னா?" என்றார். வசுமதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தக் குழாய் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். இன்றுவரை அதன் மூடியை யாரும் திறக்கவில்லை.

தொட்டி முடிந்ததும் குளத்துத் தண்ணீரைப் பம்ப் போட்டு நிரப்பி, உட்சுவரில் கரியால் கோடு கிழித்து, ஒரு வாரம் வைத்துப் பார்த்தார் ஹாரான். கோட்டுக்குக் கீழே விரல் நகம் அளவுக்குத்தான் இறங்கியிருந்தது. அது செங்கல் குடித்தது என்றார். பிறகு இறைத்து, கழுவி, மழைக்காகத் திறந்து வைத்தார்கள்.

தமிழ் வருஷப் பிறப்பன்று வசுமதி அந்த வீட்டில் பால் காய்ச்சினார். மறுநாள் வங்காளப் புத்தாண்டு. ஹாரானின் குடும்பம் முழுக்க இனிப்புப் பெட்டியோடு வந்திறங்கியது. நாங்களும் போயிருந்தோம். சின்ன வீடுதான். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை, மூன்று பக்கமும் காற்று வருகிற வராந்தா. வெறுங்காலோடு நடந்தபோது அந்தச் சித்திரை வெயிலின் சூடு தரையில் துளியும் தெரியவில்லை. முதலில் குழாய்க்கிணற்றுத் தண்ணீரை வைத்துச் சமாளித்தார்கள். பத்து நாள் கழித்து ஒரு மாலை வடமேற்கிலிருந்து புழுதியோடு வந்த கோடைமழை கூரையிலிருந்து சடசடவென்று இறங்கித் தொட்டிக்குள் விழுந்த சத்தத்தை, வசுமதி எனக்குப் போனிலேயே கேட்கவைத்தார்.

பழகுவதற்குச் சில மாதங்கள் பிடித்தன. இட்லிக்கு அரைப்பதென்றால் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள். இஸ்திரி வெயில் நாளில் மட்டும். பேட்டரியின் அளவைக் காட்டும் பெட்டி கூடத்துச் சுவரில் இருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை சிவராமகிருஷ்ணன் கேட்காமலே எடுத்துக்கொண்டார். "இப்ப கிரைண்டர் போடலாம்" என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் ஊறின அரிசியை எடுத்துப் போடுவார் வசுமதி.

அந்த ஜூலையில் ஆறு நாள் தொடர்ந்து மூட்டம். மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜை அணைத்தார்கள். ஐந்தாம் நாள் ஒரு விசிறி, இரண்டு விளக்கு என்று ஆயிற்று. பயந்துபோன சாதனா, கார் அனுப்புகிறேன், சால்ட் லேக்குக்கு வந்துவிடுங்கள் என்று பாதி வங்காளத்திலும் பாதித் தமிழிலுமாகச் சொன்னாள். வசுமதியே கொஞ்சம் தடுமாறியிருந்த நேரம். போனை வாங்கிப் பேசியவர் சிவராமகிருஷ்ணன்தான்.

"ஒண்ணும் வேண்டாம்டி. இன்னும் முப்பத்தோரு பர்சென்ட் இருக்கு. நான் பாத்துண்டுதான் இருக்கேன்."

ஆறாம் நாள் மத்தியானம் குடையோடு ஹாரான் வந்தார். விளக்கைப் பற்றிக் கேட்காமல் நேரே வராந்தாவில் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் விளிம்புக்குக் கீழே தெளிவாக நின்றது. கையை விட்டு ஒரு வாய் அள்ளிக் குடித்துவிட்டுத் திருப்தியோடு உட்கார்ந்தார். வந்த காரியத்தை அப்புறம்தான் சொன்னார். கோச்சரண் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை இந்த வீட்டைப் பார்த்துவிட்டு இதே மாதிரி வேண்டும் என்கிறார், அந்தக் கூரைக்கு எவ்வளவு மழை கிடைக்கும், தொட்டி எத்தனை பெரிதாக வேண்டும் என்று திதி வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

ஓய்வு பெற்றபின் தன்னை யாரும் வேலை விஷயமாகக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் வசுமதிக்கு உறைத்தது. உடனே சரி என்று சொல்லிவிட்டால் அவசரப்பட்டதாகத் தெரியுமே என்று, உள்ளே போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்து சரி என்றாராம். அடுத்த வியாழக்கிழமை அளவுநாடாவும் நோட்டுமாகக் கிளம்பிப் போனார்.

இப்போது அந்தப் பக்கத்தில் அப்படி மூன்று வீடுகள் இருக்கின்றன. நாலாவதற்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். போன மாதம் நான் போனபோது வசுமதி வீட்டில் இல்லை. சிவராமகிருஷ்ணன் குளத்தங்கரையில் நின்று மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் சைட்டுக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம் ஆகும், நீங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, நல்ல வெயில், மிக்ஸி போடலாம், உங்களுக்கு என்ன சட்னி பிடிக்கும் என்று கேட்டார்.