வாப்பாவுக்கு இரண்டு இத்தா

எங்கள் உம்மா வாப்பாவுக்காக இரண்டு முறை இத்தா இருந்தவள். ஊரில் வேறு யாருக்கும் இப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. முதல் தடவை வாப்பா உயிரோடு இருந்தார்.

கணவன் மௌத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். அதுதான் இத்தா. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, யுத்தம் மோசமாக இருந்த ஒரு காலத்தில், வேளாண்மைக்குக் காவல் இருக்க மேற்கே வயலுக்குப் போன வாப்பா திரும்பி வரவில்லை. பாதையை மூடிவிட்டார்கள். வயலில் நின்றவர்களைச் சுட்டுப்போட்டார்களாம், அதில் வாப்பாவும் ஒருவராம் என்று யாரோ வந்து சொன்னார்கள். போய்ப் பார்க்க வழியில்லை. குடும்பத்துப் பெண்கள் கூடி உம்மாவைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சேலை உடுத்தி, அறைக்குள் இருத்தினார்கள். உம்மாவுக்கு அழுவதற்கே நேரம் கொடுக்கவில்லை.

சில நாட்கள் கழித்து ஒரு பின்னேரம் வாசல் படலையடியில் ஓர் ஆள் நின்றார். முகமெல்லாம் தாடி, உடம்புக்குப் பொருந்தாத பெரிய சட்டை. பெரியம்மா ஓடிப்போய் மறித்தாள்.

"உள்ளுக்கு வராதீங்க, இத்தாக்காரி இரிக்கா."

"ஆருட இத்தா?" என்று அந்த ஆள் கேட்டார்.

குரலைக் கேட்டதும் உம்மா அறையை விட்டு ஓடி வந்தாள். வெள்ளைச் சேலையோடு முற்றத்தில் நின்ற உம்மாவை வாப்பா மேலும் கீழும் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து வயல்காரரான ஒரு தமிழர் அவரைத் தன் வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருந்தார். சட்டையும் அவருடையதுதான்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் அதுதான் பெரிய பகிடி. கறியில் உப்புக் குறைந்தால், மௌத்தானவனுக்கு இது போதும் என்பார் வாப்பா. உம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒருநாள் அவள் அழுதே விட்டாள். அன்றைக்குத்தான் வாப்பா சிரிப்பை நிறுத்தினார்.

"இஞ்சரு கா, இனி என்ட மொகத்தக் காணாம நீ வெள்ள உடுக்கப்படாது."

உம்மா ஓம் என்றாள்.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அன்று உம்மா, கடலுக்குத் தள்ளிப் பெரிய வீதிப் பக்கம் இருந்த என் வீட்டில் நின்றாள். எனக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பால் சுரக்கட்டும் என்று சுறா வாங்கிவரக் காலையிலேயே கடற்கரைக்குப் போனார் வாப்பா. எனக்காகத்தான் போனார். இதை நான் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

என் கணவர் ஆஸ்பத்திரி, பாடசாலை, பள்ளிவாசல் என்று நாள்கணக்கில் தேடினார். அதற்குள் மையவாடியில் ஆளடையாளம் பாராமல் ஒன்றாக அடக்கிக்கொண்டிருந்தார்கள். வாப்பாவின் சாரன் போல ஒரு சாரன் உடுத்த உடலைத் தூக்கியதாக ஒருவர் சொன்னார். உம்மா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டனுப்பினாள்: முகத்தைக் கண்டாரா? இல்லை என்றார் அவர். அதோடு முடிந்தது. உம்மா வெள்ளை உடுக்கவில்லை, மௌத்தானவர் பெயரில் ஓதும் கத்தம் ஓதவும் விடவில்லை.

எனக்கு ஆத்திரமாக இருந்தது. என் வாப்பாவுக்கு, மௌத்தான ஒருவருக்காக இறைவனிடம் கேட்கும் துஆவை வாய்விட்டுக் கேட்க வேண்டும், நாலு பேருக்குச் சோறு கொடுக்க வேண்டும். அதற்குக்கூட எனக்கு உரிமையில்லையா? தம்பியின் கலியாணக் கார்டில் வாப்பாவின் பெயருக்கு முன்னால், காலமானவர் என்பதற்கு, மர்ஹூம் என்று அச்சடித்து வந்தபோது, அத்தனையையும் திருப்பி அனுப்பினாள் உம்மா. கேட்டால், அந்தத் தமிழரின் வீட்டில்தான் இருப்பார், பாதை திறக்கட்டும் என்பாள். கிழக்கே கடலுக்குப் போனவர் மேற்கே எப்படிப் போவார் என்று நான் கத்தியிருக்கிறேன். முன்னமும் அப்படித்தானே எல்லாரும் சொன்னீர்கள் என்பாள். அந்தத் தமிழர் குடும்பமும் இடம்பெயர்ந்து போய், எங்கே என்று தெரியாமல் இருந்தது.

யுத்தம் முடிந்தது. வயலுக்குப் போகும் வழியில் இருந்த மண்மூட்டைகளை அகற்றினார்கள். சில மாதங்களில், வீட்டுத் திட்டத்தில் உம்மாவுக்குக் கிடைத்த வீட்டை விசாரித்துக்கொண்டு ஒருவர் வந்தார். கையில் தயிர்ச் சட்டி. வாப்பாவுக்கு எருமைத் தயிர் என்றால் உயிர். அது தெரிந்த ஆள், வாப்பாவை ஒளித்து வைத்த அந்தத் தமிழர்.

"ராத்தா, காக்கா எங்க?"

நான் உம்மாவைப் பார்த்தேன். அவள் தயிர்ச் சட்டியை இரண்டு கையாலும் வாங்கி, மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அவர் மௌத்தாயிட்டாரு தம்பி. கடலோட."

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவர் வாசற்படியிலேயே குந்திவிட்டார். உம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவர் போன பிறகு என்னிடம் வெள்ளைச் சேலை எடுத்துவரச் சொன்னாள்.

இத்தாவின் காலம் எப்போதோ கடந்துவிட்டது, இனித் தேவையில்லை என்று மௌலவி சொல்லியனுப்பினார். உம்மா கேட்கவில்லை. சேலையை உடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"மொகத்தக் காணாமத்தான் உடுக்கன். மறுமையில வந்து பகிடி பண்ணட்டும்."

கத்தம் ஓதினோம். இத்தனை காலம் சண்டை பிடித்துக் கேட்ட அந்த மர்ஹூம் என்ற சொல் வாப்பாவின் பெயரோடு சேர்ந்து காதில் விழுந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. குசினிக்குள் போய் அழுதேன்.

இத்தா முடியும்வரை உம்மாவோடுதான் இருந்தேன். கேற் திறக்கும் சத்தம் கேட்டால் இத்தாக்காரி அறைக்குள் போய்விட வேண்டும். மீன்காரர் வருவார், கரண்ட் பில் கொண்டு வருபவர் வருவார். ஆள் வருகிறது, உள்ளே போங்கள் என்று நான் அவசரப்படுத்துவேன். உம்மா பாயை விட்டு அசையமாட்டாள். வந்தவர் வாய் திறந்து பேசும்வரை அப்படியே இருப்பாள். குரலைக் கேட்ட பிறகுதான் எழுந்து உள்ளே போவாள்.