பையோடு போனவர் சொன்ன கதை

புதுச்சேரியில், லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில்தான் எங்களுக்கு ஞாயிறுதோறும் நாடக ஒத்திகை. நானும் என் கணவரும் அந்த நாடகத்திலும் புருஷன் பெண்டாட்டிதான். ஒரு காட்சியில் புருஷன் பெண்டாட்டியை விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசல் தாண்டுவான், விளக்கு அணையும். எங்கள் இயக்குநர் அதோடு விட மாட்டார். அதன் பிறகு அந்தப் பாத்திரத்துக்கு என்ன ஆனது என்று, நடிப்பவரே ‘நான்’ போட்டுக் கதையாகச் சொல்ல வேண்டும். கேட்பவர்களும் அவரவர் பாத்திரமாகவே குறுக்கே கேள்வி கேட்கலாம்.

இதில் என் கணவர் எப்போதும் திணறுவார். எழுதிக் கொடுத்த வசனம் என்றால் புலி, சொந்தமாக ஒரு வரி வராது. வீட்டிலும் ஒரு பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதைச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் கேலி செய்வேன். அவர் சும்மா சிரித்துக்கொள்வார்.

அன்று நிற்காமல் பேசினார்.

“நான் நேரா சேதராப்பட்டு போயிட்டேன். கம்பெனிக்குப் பின்னாடி மாடி ரூம். தண்ணி காலையில மட்டுந்தான் வரும், உப்பு, வாயில வெக்க முடியாது. சாயங்காலம் சட்டைய தொவச்சி கைப்பிடி செவுத்துல போடுவேன். ராவெல்லாம் மிஷின் சத்தம். அந்த சத்தத்துலயும் நல்லா தூங்குறேன்.”

எல்லோரும் அசந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் நிஜத்தில் வேலை பார்ப்பதும் சேதராப்பட்டில்தான். கொஞ்ச காலமாக, வேலை அதிகம் என்று சில நாள் அங்கேயே தங்கிவிடுகிறார். எங்கே தங்குகிறார் என்று நானும் கேட்டதில்லை. வீட்டில் ஃபேன் சத்தம் கூடுதலானாலே புரண்டு புரண்டு படுப்பவர். இதையெல்லாம் அவரால் கற்பனையில் சொல்ல முடியாது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

யார் அவள் என்று கேட்க வாய் துடித்தது. அத்தனை பேர் நடுவில் எப்படிக் கேட்பது? நாடகத்துப் பெண்டாட்டியாகவே கேட்டேன்.

“அந்த ரூம்ல எத்தன பாய் இருக்குதுங்க?”

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“ஒன்னுதான்” என்றார்.

இயக்குநர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். இரண்டு என்று சொல்லியிருந்தால் அவள் வீடு தேடிப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். தனியாக இருந்தால் போதும் என்று போகிறவரிடம் நான் யாரைக் காட்டிச் சண்டை போடுவது?