நெற்றியை முதலில் பார்ப்பவள்

இந்த வருடம் குளிர்கால ஊறுகாய்க்கு எத்தனை மூட்டை குடைமிளகாய் சுட்டீர்கள் என்று நோயாளியிடம் கேட்டுவிட்டு, பதிலைக் காதில் வாங்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் விதொசாவா. பேச்சுக்கு நடுவே எந்தக் கண் பிந்தி இமைக்கிறது என்பதுதான் அவளுக்கு வேண்டும். செர்பியாவின் பிரோத்தில், ஒரு சிறிய சிகிச்சை நிலையத்தில் இருபத்தாறு வருடங்களாக, முகவாதத்தால் கோணிய முகங்களுக்கு மதிப்பெண் போடுகிறவள். ஒன்று என்றால் சரியான முகம். ஆறு என்றால் ஒரு பாதி அசைவதே இல்லை.

"சிரிங்க" என்று மட்டும் சொல்ல மாட்டாள். "சொன்னா பாதிப் பேரு அழுதுடுறாங்க. மாமியாருக்குக் காட்டுற பல்லைக் காட்டுங்கன்னா காட்டிடுறாங்க." உடனே ஓர் அட்டையால் நல்ல பாதியை மறைப்பாள். "இது பொய் சொல்லும். படுத்துக் கிடக்குற பக்கத்தையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போயிடும்."

அந்த ஊரில் முகம் கோணினால் காரணம் ஒன்றுதான்: சன்னல் காற்று. பேருந்தில் புழுங்கிச் செத்தாலும் சன்னலைத் திறக்க மாட்டார்கள். விதொசாவாவும் திறக்க மாட்டாள்.

செப்டம்பரில் ஒரு காலை, தேசங்கா தன் கணவன் திஹோமிரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தாள். கன்னத்தில் சாராயத்தில் நனைத்த துணி, புருவம்வரை இறக்கிய கம்பளிக் குல்லா.

"லாரி சன்னலைத் திறந்துவச்சு ஓட்டாதய்யான்னு தலையால அடிச்சுக்கிட்டேன் அக்கா, கேட்டாத்தானே! காத்து அடிச்சிருச்சு."

"குல்லாவைக் கழட்டு."

"மறுபடி காத்துப் படுமே!"

"கழட்டு தேசங்கா."

வாயின் இடப்புறம் தொங்கியது. "புருவத்தைத் தூக்குங்க அண்ணே." தூக்கினார். நெற்றியின் இரு பக்கமும் கோடுகள் சமமாக எழுந்தன.

"பாத்தீங்களா, சரியாயிட்டு வருது!" என்றாள் தேசங்கா.

விதொசாவா வெளிறிப்போனாள். முகநரம்பு கெட்டால் நெற்றியும் சேர்ந்து உறங்கும். நெற்றிக்கு மூளையின் இரண்டு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. ஒன்று அணைந்தாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். வாய் தொங்கி நெற்றி விழித்திருந்தால், கேடு மூளையில். நான்கு கோடுகளுக்குள் ஓர் உயிரின் செய்தி.

"ரெண்டு கையையும் நீட்டுங்க." இடக்கை தானாகத் தாழ்ந்தது.

விதொசாவா ஆம்புலன்சை அழைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தாள். "இது காத்து இல்லம்மா. மூளையில ரத்தக் குழாய் அடைச்சிருக்கும். எப்ப ஆரம்பிச்சுது? சரியாச் சொல்லு."

"காபி பொங்கி வழிஞ்சப்போ... ரேடியோல எட்டு மணிச் செய்தி."

"லா... லாரியை யாரு எடுப்பா?" என்று குழறினார் திஹோமிர்.

"உன் லாரியில இடி விழ!" என்று அழுதாள் தேசங்கா.

அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதில் ஒன்றே கால் மணி நேரத்தைச் சாராயத் துணி தின்றிருந்தது. பெரிய மருத்துவமனையில் முதலில் நேரத்தைத்தான் கேட்பார்கள். தேசங்கா லாரி சன்னலிலிருந்து கதையைத் தொடங்குவாள்.

விதொசாவா பேனாவைத் திறந்தாள். திஹோமிரின் வலது புறங்கையில் பெரிதாக எட்டு மணி என்று எழுதினாள். வாசலில் வண்டி வந்து நிற்க, குனிந்து, மை காயும்வரை அதன்மேல் ஊதினாள்.