மணிக்கூண்டில் ஒரு சறுக்குமரம்

என் அக்காவுக்குத் திமிர் கொஞ்சம் அதிகம். யார் வீட்டுக்குப் போனாலும் பையிலிருந்து டேப்பை எடுத்துச் சுவரை அளந்துவிட்டுத்தான் உட்காருவாள். என் மாமியார் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோதே இதைச் செய்து என் மானத்தை வாங்கினாள். காலமெல்லாம் யாரோ ஒருவர் ஆபீசில் உட்கார்ந்து அடுத்தவர் சமையலறைக்கு அலமாரி வரைந்து கொடுத்தவள், திடீரென்று தேவாலயத்து மணிக்கூண்டில் கை வைக்கிறேன் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

மணி விரிசல் விட்டு இறக்கப்பட்டதிலிருந்து கூண்டு சும்மாதான் கிடந்தது. ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே உடைந்த பெஞ்சுகள், புறா எச்சம், கும்மிருட்டு. அதைச் செல்போன் கம்பெனிக்கு வாடகைக்கு விடலாம் என்று கமிட்டித் தலைவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"ஜன்னலைத் திறந்து கலர் கண்ணாடி போடலாம் ஐயா. நடுவுல கயிறு வலை கட்டினா பெரியவங்களும் படுத்துக்கலாம். மேலேர்ந்து கீழே வர ஒரு சறுக்குமரம்," என்றாள் அக்கா.

"இது கோயிலா, சர்க்கஸ் கூடாரமா?" என்றார் தலைவர்.

போதகர்தான் நடுவில் புகுந்தார். இன்ஜினியர் சம்மதித்தால் வேலை நடக்கட்டும். திறப்பு நாளில் சபையார் பார்த்துவிட்டுக் கை தூக்கட்டும். பாதிப் பேருக்குக் குறைந்தால் எல்லாவற்றையும் கழற்றிக் கம்பெனிக்கே விட்டுவிடலாம். அக்கா உடனே தலையாட்டிவிட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று வீட்டில் கத்தினேன்.

"ஆராதனை முடியுற நேரத்துக்கு வெயில் நேரா கண்ணாடியில விழும்டி. அதைப் பார்த்துட்டு எவன் வேணாம்னு சொல்லுவான்?"

திறப்பு நாளன்று வானம் உம்மென்று இருந்தது. ஆராதனை முடியவும் மழை கொட்டத் தொடங்கியது. அக்கா படிக்கட்டின் அடியில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். தன் பெயரில் அவள் செய்த முதல் வேலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குடை கொண்டுவராத கூட்டம் வேறெங்கே போகும்? முணுமுணுத்துக்கொண்டே கூண்டுக்குள் ஏறியது. வெயில் இல்லாவிட்டாலும் அத்தனை ஜன்னல்களிலும் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. தையல்காரம்மா வலையில் உட்கார்ந்து பார்த்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். பின்னாலேயே பாடகர் குழு மொத்தமும் விழுந்தது. "ஐயையோ, தள்ளிப் படுங்கப்பா!" என்று ஒரே கூச்சல். போதகர் அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சறுக்கி வந்து தொப்பென்று விழுந்தபோது சபையே விசிலடித்தது. மழை எப்போதோ நின்றுவிட்டது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

கை தூக்கச் சொன்னதும் வலையில் கிடந்தவர்கள் கிடந்தபடியே தூக்கினார்கள். எண்ணவே தேவைப்படவில்லை. தலைவரின் கை மட்டும் கீழேயே இருந்தது. விறுவிறுவென்று அக்காவிடம் வந்தார்.

"வெயில் விழும்னு சொன்னியேம்மா?"

"இன்னிக்கு வெயில் காலை வாரிடுச்சு ஐயா."

"அப்போ அதையும் பார்க்காம இதைக் கழற்ற விட முடியுமா? அடுத்த வாரம் வர்றேன். அதுலயும் விழலைன்னா அதுக்கடுத்த வாரம்," என்று சொல்லிக் கையைத் தூக்கினார்.

அக்கா அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு, ஊர் கேட்கச் சிரித்தேன்.