பெண்கள் எழுதிய முதல் கேள்வி

சீனி வருத்தம், பிரஷர், கிட்னி என்று வந்தால் போகாத வருத்தங்களில் எதை முதலில் ஆராய வேண்டும் என்று வருத்தக்காரரிடமே கேட்கப் போகிறார்கள் என்று, நான் சீனி வருத்தத்துக்குப் போகும் கிளினிக்கில் சொன்னார்கள். வீட்டு ஆட்களும் வரலாமாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். துறைமுகத்தடியில் மீன் லொறிகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறவாது. மனைவிதான் போவோம் என்றாள்.

கூட்டம் வைத்த மண்டபத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம் என்று நாங்களாகவே கதிரைகளில் பிரிந்து இருந்தோம். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இளம் டொக்டர் அதைப் பார்த்து, அப்படியே இரண்டு குழுவாக்கிவிட்டார். ஒவ்வொரு குழுவும் கலந்து கதைத்து, தங்களுக்கு விடை தெரிய வேண்டிய கேள்விகளைப் பெரிய தாளில் எழுத வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கந்தளாயிலிருந்து வந்த கமக்காரர் ஒருவர்தான் அதிகம் கதைத்தார். "வயல் செய்யிற ஆக்களுக்கு ஏன் கிட்னி பழுதாகுது? தண்ணியாலயோ, மருந்தடிக்கிறதாலயோ? அதை முதல் கண்டுபிடியுங்கோ." அவருடைய தம்பி அந்த வருத்தத்தில் செத்தவர். யாரும் மறுக்கவில்லை. அடுத்து மாரடைப்பு, ஆறாத கால்புண் என்று எழுதினார்கள்.

டொக்டர் என்னருகே குனிந்தார். "ஐயா, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?"

"எல்லாத்தையும் அவை சொல்லிப்போட்டினம்" என்றேன்.

யாரும் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. சீனி வருத்தத்துக்குக் குளிசை விழுங்கத் தொடங்கிய பிறகு மனைவியோடு சேர என்னால் முடியாமல் போயிருந்தது. கிளினிக்கில் கேட்கலாம். ஆனால் அங்கே மேசையைச் சுற்றிச் சனம் நிற்கும், தாதி உரத்துத்தான் கதைப்பார். குளிசைதான் காரணம் என்று நானே தீர்மானித்து, ஒருவருக்கும் சொல்லாமல் நிறுத்தினேன். அப்போதும் ஒன்றும் மாறவில்லை. அறைக்குள் வெக்கை என்று சொல்லி விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கத் தொடங்கினேன். அவள் ஏன் என்று கேட்டதில்லை.

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பாகக் கிடந்தது. பிறகு சத்தமே இல்லை. எழுதி முடிந்ததும் டொக்டர் இரண்டு தாளையும் சுவரில் ஒட்டி, பெண்களுடைய முதல் கேள்வியை வாசித்தார். பாதியில் குரல் தாழ்ந்தது.

"சீனி வருத்தம் வந்த பிறகு சில ஆம்பிளையள் மனிசியோட முந்தின மாதிரி இருக்க ஏலாமப் போறது வருத்தத்தாலயோ, குளிசையாலயோ?"

எனக்குக் காது சுட்டது. கந்தளாய்க்காரர் சிரித்தார். "பொம்பிளையளுக்கு வேற வருத்தமே கிடைக்கேல்லையோ?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பருத்த அம்மா எழும்பினார். "சிரியும் தம்பி, சிரியும். வீட்டை போய் மனிசியிட்டக் கேட்டுப்போட்டு வந்து சிரியும்!"

ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் மனைவியைப் பார்த்தேன். அவள் தலை குனிந்து சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அது யாருடைய கேள்வி என்று எனக்கு விளங்கியது.

எந்தக் கேள்வி முக்கியமோ அதன் பக்கத்தில் ஒட்டச் சொல்லி ஆளுக்கொரு ஸ்டிக்கர் பொட்டுத் தந்தார்கள். கடையில் விற்கும் அதே சிவப்புப் பொட்டு. "எங்களுக்குமோ பொட்டு?" என்று பகிடி விட்டுக்கொண்டு ஆண்கள் வரிசையாகப் போனார்கள். பெண்கள் ஏற்கெனவே ஒட்டியிருந்தார்கள். அந்த முதல் கேள்விக்குப் பக்கத்தில் அவர்களுடைய பொட்டுகள் நெருங்கிக் கிடந்தன. ஆண் ஒருவரும் அங்கே போகவில்லை.

என் முறை வந்தது. மனைவி இப்போது தலை நிமிர்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் கிட்னிக்கு ஒட்டினேன்.

கிட்னிதான் முதலாவதாக வந்தது. அது நியாயமான கேள்வி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். "மற்றக் கேள்விக்கு ஆம்பிளையளும் கொஞ்சப்பேர் ஒட்டியிருந்தா அதையும் எடுத்திருக்கலாம்" என்று டொக்டர் சொன்னபோது நான் நிலத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் கடற்கரை வீதியில் மனைவி சொன்னாள்: "நான் ஆருடைய பேரும் சொல்லேல்லை."

"தெரியும்."

சந்தியைக் கடந்தோம். பிறகு, "குளிசையை விட்டிட்டன்" என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். "எப்ப?"

"கனநாள். அதாலதானாக்கும் எண்டு நினைச்சனான்."

"அப்ப, இஞ்சேருங்கோ, என்னில வெறுப்பில்லையோ?" அவள் குரல் உடைந்தது. "என்னைப் பிடிக்காமத்தான் வெளியில படுக்கிறியள் எண்டெல்லோ நான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

என் மானம் போகிறதே என்றுதான் அதுவரை பயந்திருந்தேன். அவள் இப்படி நினைத்திருப்பாள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த நேரம் பார்த்து எனக்குத் தெரிந்த மீன் லொறிக்காரர் ஒருவர் ஹோன் அடித்துக்கொண்டு போனார். நான் முதலில் அவருக்குத்தான் கை காட்டினேன். லொறி போன பிறகுதான், "இல்லை" என்று அவளுக்குச் சொன்னேன்.

அவள் முகத்தைத் துடைத்தாள். "சரி. இண்டைக்குக் குளிசையைப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தாள்.