நட்டை முழுசாகக் கழற்றாதீர்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்கு முன்பு, கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் கிணற்றில் உப்பேறிய கோடை அது, சாயாகூடக் கரிக்கும். பட்டாளம் ஏலம் விட்ட பழைய ஜீப்பை நானும் மச்சினன் பரமுவும் முற்றத்தில் பிரித்தோம். எங்களுக்குள் என்றைக்கும் ஆகாது. ஸ்டியரிங் வளையம் தண்டோடு துருப்பிடித்து இறுகியிருந்தது. வளையத்தைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, தண்டின் நுனியில் மாட்டியபடியே விட்டு இழுத்தேன். அசையவில்லை.

“முழுசா கழட்டும் அத்தான், பேடி உண்டோ, பயமா? சாயா கிளாஸ் தூக்கத்தான் அத்தானுக்குக் கை,” என்றான் பரமு.

ஆத்திரத்தில் நட்டைக் கழற்றி வீசிவிட்டு, சீட்டில் உட்கார்ந்து பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். வளையம் பிடுங்கிக்கொண்டு வந்து வாயில் அறைந்தது. முன்பல் இரண்டு போயின. சற்று மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அவன் சிரித்தான்.

இப்போதெல்லாம் நட்டை இரண்டு சுற்று மாட்டிவிட்டே இழுக்கிறேன். வளையம் கிளம்பினாலும் நட்டு தடுத்துவிடும். ஜீப் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லுங்கள். பரமுவுக்கு மட்டும் வேண்டாம்.